வாளியில் நடாத கன்னிக்கால்

துன்
19.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? மச்சாள் தில்லைநாயகியின் இருமல் நின்றுவிட்டதா?

உறையின் பின்பக்கத்தில் இருப்பது என் புது முகவரி. டிசம்பர் பதினான்காம் திகதியிலிருந்து நான் ஃப்ரிபூர்க்கில் இல்லை. கிருசிகாவின் அப்பா அங்கே இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கும் பிரிவைப் பார்க்கிறேன். நிலத்தோடு ஒட்டிய ஒன்றரை அறை வீடு. பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவு நிலம்.

ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். இப்போது சொல்ல மாட்டேன். போன் நம்பரை மாற்றிவிட்டேன். அது கிருசிகாவிடம் மட்டும் இருக்கிறது, பிள்ளையை அரிக்க வேண்டாம். போனில் நீங்கள் என்னை ஒரு வசனத்தையும் முடிக்க விட்டதில்லை. ஆகவே எழுதுங்கள், அதுவும் கையால் எழுதுங்கள். தாளில் ஒருவர் பேச்சுக்குள் மற்றவர் குறுக்கே விழ முடியாது.

விசயத்துக்கு வருகிறேன். யூலையில் மகள் கிருசிகாவுக்கும் ஜெரோசனுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கும் அன்றைக்குப் பெண் வீட்டில் கன்னிக்கால் மரம் நட வேண்டும். அதை நான் இங்கே, என் வீட்டில், நிலத்தில் நடப்போகிறேன். சுவிஸில் எங்கள் சனம் செய்கிற மாதிரி முருக்கங்கொப்பை வாளி மணலில் குத்தி வைத்து, கல்யாணம் முடிந்த கையோடு குப்பைப் பையில் திணிக்கிற வேலை எனக்கு வேண்டாம். தளிர்க்க வேண்டும் என்றுதானே நடுகிறோம்?

நான் நடப்போவது ஒரு பனை. சிரிக்காதீர்கள். போன கிழமை பஸ்ஸில் ஓபர்ஹோஃபன் பக்கம் போனபோது, பல்வைத்தியர் ஒருவருடைய வாசலில் நின்றதைப் பார்த்தேன். தலை நிறையப் பனி. ஒரு துணியும் சுற்றியிருக்கவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, நடந்து திரும்பிப் போய்ப் பார்த்தேன். அப்படி ஒன்றைத் தேடி வாங்குவேன். தாய்மாமன் நீங்கள் முன்னுக்கு நிற்க வேண்டும்.

மச்சாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை சந்திரமதி

*

சிவமயம்

லோசான்
30.01.2025

அன்புத் தங்கச்சி சந்திராவுக்கு,

இறைவன் கிருபையால் நாங்கள் நலம். முழங்கால் பரவாயில்லை. மச்சாளின் இருமலும் குறைந்துவிட்டது. உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்துதான் எங்கள் வீட்டில் நித்திரை இல்லை.

மச்சான் அருட்செல்வன் போன் எடுத்து, காரணம் சொல்லாமல் போய்விட்டாள் என்று அழாக்குறையாகக் கதைத்தார். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தீர்கள். அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, இன்னொருத்தியிடம் போகவில்லை. பிறகு என்ன? கோபம் என்றால் கல்யாணம் முடியும்வரை அடக்கிக்கொண்டு அங்கேயே இரு. ஆறு மாதம்தானே. மகளைத் தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சோடியாக நிற்க வேண்டும். சனத்தின் வாய் உனக்குத் தெரியாததல்ல. வாழாவெட்டி என்ற சொல்லை என் தங்கச்சிக்கு நான் கேட்க வேண்டுமா?

கன்னிக்கால் தகப்பன் இருக்கிற வீட்டில்தான் நட வேண்டும். ஃப்ரிபூர்க் வீட்டுப் பல்கனியில் வைக்க நான் எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டேன். பெரிய வாளியும் வாங்கியாயிற்று. கொழும்பிலிருந்து வருகிற ஒருவர் முருக்கங்கொப்பு கொண்டு வருகிறார். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

உன் நலம் கோரும்,
அண்ணை உருத்திரமூர்த்தி

*

துன்
16.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நலம். மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் நோகிறது, அது படுக்கை விரிப்பு இழுத்து வந்த நோ. உங்கள் நித்திரையைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன், ஆனால் அதிகம் வருந்தவில்லை.

வாழாவெட்டி என்று சொல்கிறவர்களுக்கு என் முகவரியைக் கொடுங்கள். நேரில் வந்து சொல்லட்டும், தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புகிறேன். மணவறையில் அவருக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் மகளுக்காக நிற்பேன், அதைக் கிருசிகாவுக்கும் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போக மாட்டேன்.

நேற்று முதலாவது பூமரக்கடைக்குப் போனேன். விமானம் நிறுத்தலாம் போல பெரிய இடம். பல்வைத்தியர் வாசலில் நின்றதன் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். அது தெசின் பனையாம். போன செப்டெம்பரிலிருந்து இந்த நாட்டில் விற்கத் தடையாம். பறவைகள் விதையைக் கொண்டுபோய்க் காட்டுக்குள் போடுகின்றன, அங்கே அது பரவிவிடுகிறது என்றார். ஏற்கெனவே நிற்பவை நிற்கலாம். புதிதாக இறக்கக் கூடாது, விற்கக் கூடாது, ஒருவர் மற்றவருக்குச் சும்மா கொடுக்கவும் கூடாது. நான் சிரித்துவிட்டேன். தொண்ணூற்றிரண்டில் அகதி முகாமில் வரிசையில் நின்றபோது எங்களைப் பற்றியும் இதே மாதிரித்தான் கதைத்தார்கள். நாங்கள் வேரூன்றவில்லையா? ஆனால் சட்டம் சட்டம்தான். வேறு சாதிப் பனை இருக்கிறதா என்று கேட்டேன். சட்டியில் வளர்க்க ஒரு எலுமிச்சையைக் காட்டினார். வாடகை வீட்டுக்குச் சட்டிதான் சரியாம். எனக்குச் சட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நிலத்தில் நட வீட்டுக்காரியின் அனுமதி வேண்டும். அவளுக்கு நானே ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதப்போகிறேன். கிழமையில் இரண்டு பின்னேரம் வகுப்புக்குப் போகிறேன் என்பதையும் இத்தால் அறியத்தருகிறேன்.

இப்படிக்கு,
சந்திரமதி

*

சிவமயம்

லோசான்
03.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். மணிக்கட்டுக்குச் சித்தாலேப எண்ணெய் தடவு, மச்சாள் ஒரு போத்தல் அனுப்புகிறாள்.

நீ பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் என்று தெரிகிறது. சரி, பனைதான் வேண்டுமென்றால் ஏன் கடை கடையாக அலைகிறாய்? எங்கள் குடியிருப்பின் பின்னால் அந்தத் தெசின் பனை இரண்டு நிற்கிறது. அடியில் கீரை முளைத்த மாதிரி கன்றுகள். ஒன்றைக் கிண்டி, கார் டிக்கியில் போட்டு, மேலே ஒரு போர்வை. யாருக்குத் தெரியப்போகிறது? அதைப் பல்கனியில் முருக்கங்கொப்புக்குப் பக்கத்தில் வைப்போம். உன் ஆசையும் தீரும், மச்சானின் மானமும் நிற்கும்.

வீட்டுக்காரிக்கு நீ எழுதாதே. இப்படியான கடிதங்களில் ஒரு சொல் பிழைத்தாலும் காரியம் கெட்டுப்போகும். லோசான் சனத்தில் பாதிப் பேருடைய விசா, பள்ளிக்கூடம், வாடகை எல்லாக் கடிதமும் என் கையால் எழுதியவை. அவளுடைய பெயரை மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணை

*

துன்
14.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

எண்ணெய் கிடைத்தது, நோ குறைவு. மச்சாளுக்கு நன்றி சொல்லுங்கள்.

டிக்கியில் போர்வைக்குக் கீழே வருகிற கன்று வேண்டாம். என் மகளின் கன்னிக்கால் ஒளித்து வந்ததாக இருக்கக் கூடாது. எனக்காக ஒளித்துச் செய்தவை போதும்.

வீட்டுக்காரிக்கு எழுதியாயிற்று. ஐந்து தரம் எழுதிக் கிழித்து, ஆறாவதை அனுப்பினேன். பிழை இருக்கும். நான் என்ன கேட்கிறேன் என்று விளங்கும். அவளுடைய பெயர் ரோஸ்மரி கெர்பர், மேல்மாடியில்தான் இருக்கிறாள். இதை ஒளிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது இடம் பேர்ன் பக்கத்தில். அங்கே தென் ஐரோப்பாவில் வளர்கிற ஒரு குட்டைப் பனை இருந்தது. வடிவுதான். மைனஸ் பத்து வரை தாங்குமாம். அதற்குக் கீழே போனால் ஓலைகளைக் கட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அடியில் வைக்கோல் போட்டு, மழை படாமல் மேலே கூரை வைத்து... விற்பனையாளர் சொல்லிக்கொண்டே போனார். பொத்திப் பொத்தி வளர்க்கிறதை நான் அறிவேன், அப்படி வளர்ந்தது எதற்கும் உதவாது என்று சொன்னேன். பாவம், அந்த மனிசனுக்கு விளங்கவில்லை.

கோயில் ஐயரிடமும் நானே கேட்டேன். நீங்கள் என்னை முந்தியிருந்தீர்கள் போல, முதலில் முருக்குத்தான் முறை என்றார். முருக்கு இங்கே நிலத்தில் தளிர்க்குமா என்று கேட்டேன். யோசித்தார். "தளிர்க்கவேணும் எண்டதுதான் முக்கியம், பிள்ளை. உயிருள்ள மரம் எண்டால் நான் வந்து நட்டுத் தாறன்" என்றார். வீட்டை விட்டு வந்த சுமங்கலி பால் ஊற்றலாமா என்றும் கேட்டு வைத்தேன். தாலி கட்டியவர் ஃப்ரிபூர்க்கில் சுகமாகத்தானே இருக்கிறார், எனக்கு என்ன தடை?

சந்திரமதி

*

துன்
02.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. முழங்கால் வருத்தமாக இல்லையென்று நம்புகிறேன். நான் பொறுக்கமாட்டாமல் எழுதுகிறேன்.

கிடைத்துவிட்டது. மூர்த்தன் ஏரிக்கு மேலே உள்ள மலைச்சரிவில் மொனிக் என்று ஒரு பெண் கண்ணாடிக்கூடமும் இல்லாமல் வெட்டவெளியில் பனை வளர்க்கிறாள். அமெரிக்காவிலிருந்து வந்த ஊசிப்பனை. மைனஸ் இருபதைத் தாங்கும். தடை ஒன்றும் இல்லை, பரவாது. விசிறி ஓலை. அடிமரத்தைச் சுற்றிப் பென்சில் நீளத்துக்குக் கறுப்பு ஊசிகள். கவனிக்காமல் கையை வைத்து இரத்தம் வந்தது. முருக்கிலும் முள் இருக்கிறதுதானே, ஐயரும் குறை சொல்ல முடியாது. ஒன்பது வயதுக் கன்று என் முழங்கால் உயரம். இருபது வருடம் போனாலும் இடுப்பளவுதான் வரும், பொறுமை இருக்கிறதா என்று மொனிக் கேட்டாள். எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

தெற்குச் சுவரோரம் நட வேண்டுமாம், கோடையில் சூடு வேண்டுமாம், முதல் வருடம் தண்ணீர் நிறைய வேண்டுமாம். எல்லாவற்றையும் பிரெஞ்சில் கேட்டு எழுதிக்கொண்டேன். என் பிரெஞ்சு நல்லாயிருக்கிறது, எங்கே படித்தாய் என்று கேட்டாள். இருபத்தாறு வருடத்துக்கு முன் லோசானில் அதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

கன்றை என் பெயர் எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறாள். வீட்டுக்காரி எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சந்திரமதி

*

சிவமயம்

லோசான்
11.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். இங்கே மழை. முழங்கால் வழமைபோல. ஆஸ்பத்திரியில் இன்னும் எட்டு மாத வேலைதான், பிறகு ஓய்வு. மச்சாள் உன்னை விசாரிக்கச் சொன்னாள்.

மரத்தில் அதிகம் ஆசை வைக்காதே. வாடகை வீடு, அவர்கள் மனம் எந்த நேரமும் மாறும். மாறினால் மனம் உடைந்து போகாதே, எல்லாம் நன்மைக்கே என்று எடுத்துக்கொள். முருக்கங்கொப்புக்கு ஆள் சொல்லியாயிற்று.

வேறு விசேசம் இல்லை.

அண்ணை

*

துன்
24.04.2025

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று ரோஸ்மரி கெர்பர் இரண்டு கடிதங்களோடு கீழே இறங்கி வந்தாள். ஒன்று நான் எழுதியது, பிழைகளோடு. மற்றது நல்ல பிரெஞ்சில், ஒரு பிழையும் இல்லாமல், "குடும்பக் காரணங்களால் என் வேண்டுகோளை மீளப் பெறுகிறேன்" என்று. அடியில் என் பெயரில் கையெழுத்து. "இதில் எது நீ?" என்று கேட்டாள். நான் என் கடிதத்தைத் தொட்டுக் காட்டினேன். எனக்காக அல்ல, உங்களுக்காக வெட்கப்பட்டேன்.

ஏன் வந்தேன் என்று கேட்டீர்களே, இப்போது சொல்கிறேன்.

போன நவம்பரில் கிருசிகாவின் கல்யாணப் பதிவுக்கு அவளுடைய பிறப்புப் பத்திரம் தேவைப்பட்டது. அவளுடைய அப்பா ஒருநாளும் என்னைத் திறக்கவிடாத இரும்பு அலுமாரியை அவர் வேலைக்குப் போன நேரம் திறந்தேன். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுக் கோப்பில் இரண்டு தாள் இருந்தது. முதலாவது லோசானில் உதவித்தாதிப் படிப்புக்கு என்னைத் தெரிவுசெய்த கடிதம். தெரிவுசெய்த கடிதம், அண்ணை. இரண்டாவது, குடும்பக் காரணங்களால் எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று நான் எழுதியதாக ஒரு பிரதி. நான் எழுதவில்லை. எனக்கு நீங்களும் அவரும் சொன்னது வேறு. குசினிக் கதவடியில் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "உன்ர பிரெஞ்சு காணாதாம், சந்திரா. விடு." நான் இரண்டு நாள் அழுதேன். பிறகு இருபத்தைந்து வருடம் மற்றவர்களுடைய கழிப்பறைகளைக் கழுவினேன், எனக்கு மூளை காணாது என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பிரதியின் எழுத்து யாருடையது என்று பார்த்த உடனே தெரியும். என் பெயரின் முதல் எழுத்துக்கு ஆங்கில S போடும்போது வாலை உள்ளே சுருட்டுகிற ஆள் ஒருவர்தான். இந்த மூன்று மாதமும் நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு உறையிலும் அதே S வந்து நின்றது. கையால் எழுதுங்கள் என்று நான் கேட்டது அதற்குத்தான். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை, இன்னொன்று எழுதினீர்கள்.

அவருக்கும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் உங்களிடம் காரணம் தெரியாது என்று அழுதாராம். நன்றாகத் தெரியும்.

கன்று ஒதுக்கியபடியே இருக்கிறது. ரோஸ்மரி என் கடிதத்தின் அடியிலேயே சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டாள்.

சந்திரமதி

*

துன்
29.05.2025

அண்ணைக்கு,

ஐந்து கிழமையாக உங்கள் பதில் இல்லை. மச்சாள் கிருசிகாவோடு கதைத்ததில் நீங்கள் சாப்பிடுகிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள் என்று அறிந்தேன். அது போதும்.

ஊசிப்பனை வந்துவிட்டது. மொனிக்கே தன் வான் வண்டியில் கொண்டுவந்து தந்தாள். சட்டியோடு தெற்குச் சுவரடியில் நிற்கிறது. கன்னிக்கால் யூன் 28, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. எங்கே நிற்பாள் என்று மகளிடம் நான் கேட்கவில்லை. அவளே வந்து, "அம்மா, பெண் வீடு எண்டால் நீங்கள் இருக்கிற வீடு" என்றாள். தகப்பனுக்கும் அவளே சொன்னாள். அவர் வரமாட்டாராம். பல்கனி வாளியை அவர் என்ன செய்கிறார் என்பது அவருடைய பாடு.

தாய்மாமனுக்குரிய இடத்தை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் வராவிட்டால் அது வெறுமையாக இருக்கும். அதற்காக நேரம் பிந்தாது.

சந்திரமதி

*

லோசான்
08.06.2025

சந்திராவுக்கு,

உன் கடிதத்தை மச்சாளிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மச்சான் கேட்டார், எழுதினேன். கிருசிகாவுக்கு அப்போது இரண்டு வயது, நீ படிக்கப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன், இதுவும் ஒன்று என்று நினைத்தேன். பொய் சொன்னதும் நான்தான். பிறகு அதை மறந்தும் போனேன். மறந்ததுதான் பெரிய பிழை என்று மச்சாள் சொல்கிறாள்.

ஏப்ரலில் எழுதியதற்கு அந்தச் சாட்டும் இல்லை. யாரும் கேட்கவில்லை. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நானாக எழுதினேன்.

ரோஸ்மரி அம்மாவுக்கு இன்னொரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிரெஞ்சுக் கடிதத்தை எழுதியவன் நான், கையெழுத்தும் நான் வைத்தது, தங்கச்சிக்குத் தெரியாது என்று என் பெயரில் எழுதினேன். உன் அனுமதி இல்லாமல் இதையும் செய்துவிட்டேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. பிரதியை இதோடு வைத்திருக்கிறேன்.

நான் வரட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை. கேட்கிறேன்.

உருத்திரமூர்த்தி

*

துன்
30.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இந்த வெக்கைக்கு ரயிலில் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அவ்வளவு நேரம் நின்றதில் முழங்கால் வீங்கியிருக்கும், ஐஸ் வையுங்கள்.

வாருங்கள் என்று ஒற்றைச் சொல்லில் ஒரு தபாலட்டை போட்டேன், வந்தீர்கள். வந்தும் நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. வடை சுட்டோம், சாப்பிட்டோம், போனீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

மச்சாள் நவதானியம் போட, நான் பால் ஊற்ற, கிருசிகா தண்ணீர் ஊற்றினாள். ஊசி குத்தி ஜெரோசனின் தங்கை யதுஷாவும் கத்திவிட்டாள். அதெல்லாம் நல்லபடி முடிந்தது. இன்று காலை பார்த்தேன், நடு ஓலை நிமிர்ந்து நிற்கிறது.

நான் எழுத நினைத்தது அதைப் பற்றி அல்ல. ஐயர் தர்ப்பையை எடுத்துக்கொண்டு சங்கல்பத்துக்காக, "ஆற்ற பேரில நடுறது? பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ" என்று கேட்டார். கேட்டது உங்களைப் பார்த்து. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் என்னைப் பற்றிய எல்லாவற்றையும் எல்லோரும் உங்களிடமும் அவரிடமும்தான் கேட்டார்கள். நீங்கள் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன், அண்ணை. பிறகு நீங்கள் வாயை மூடிக்கொண்டதையும் பார்த்தேன்.

ஐயர் இரண்டாம் தரமும் உங்களைத்தான் கேட்டார். நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றீர்கள். எல்லோரும் உங்களுக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள். அப்போதுதான் நான் தர்ப்பைக்குக் கையை நீட்டி, "சந்திரமதி. உத்தரட்டாதி" என்றேன். சத்தம் கூடிவிட்டது போல, மேலே ரோஸ்மரி யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற அன்றைக்கு நானே எழுதுவேன், நீங்களாக ஒரு திகதி போட்டுக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு எட்டு மணிக்கு முன்னம் வந்துவிடுங்கள். மணவறையில் என் பக்கமாக நில்லுங்கள், அவர் பக்கமாக அல்ல.

மச்சாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
சந்திரமதி